கிணற்றுக்குச் சுண்ணாம்பா, குளோரீனா?



வெள்ளம் வடிந்து கிணறு இறைத்ததும் பி.எச்.ஐ. வந்து குளோரீன் போட்டுவிட்டுப் போவார். அவர் தலை மறைந்ததும், "எதுக்கும் இருக்கட்டும்" என்று வீட்டில் மூத்தவர் ஒருவர் ஒரு சட்டி சுண்ணாம்பையும் கரைத்து ஊற்றிவிடுவார். ரெண்டும் கிருமியைக் கொல்லும்தானே, ரெண்டையும் போட்டால் ரெட்டிப்புப் பலன் என்ற நினைப்பு. தயவுசெய்து இதை நிறுத்துங்கள்.

குளோரீன் தண்ணீரில் கரைந்ததும் ஐப்போகுளோரசு அமிலம் உண்டாகிறது. மென்னமிலம் என்பதால் அதில் ஒரு பங்கு ஐதரசன் அயனை விட்டுவிட்டு ஐப்போகுளோரைற்று அயனாக மாறி நிற்கும். கிருமிக்குள் சுலபமாகப் புகுந்து கொல்வது அந்த அமிலம்தான். மற்றது மின்னேற்றம் உள்ளது, வாசலிலேயே தடுமாறும். எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் பிஎச் பெறுமானம் தீர்மானிக்கிறது. 7.5 இல் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. 6.5 இல் பத்தில் ஒன்பது பங்கு அமிலம். 8.5 இல் பத்தில் ஒரு பங்குதான். சுண்ணாம்பு ஒரு காரம், பிஎச்சைத் தூக்கிவிடும். பி.எச்.ஐ. போட்ட குளோரீன் கிணற்றில் இருந்தும் பாதி வேலைகூடச் செய்யாது.

"எங்கட உம்மம்மா காலத்தில் சுண்ணாம்புதானே போட்டார்கள்?" என்பீர்கள். உண்மை. பிஎச் 12 ஐத் தொடும் சுண்ணாம்புத் தண்ணீர் கிருமியைக் கொல்லும்தான். ஆனால் அந்தத் தண்ணீரை யார் குடிப்பது? ஒரு சட்டிச் சுண்ணாம்பு கிணற்றை அந்த அளவுக்குக் கொண்டுபோகாது, குளோரீனைக் கெடுக்க மட்டும் போதும்.

எங்கள் பாடசாலைகள் மேலும் எனக்குக் குறை இருக்கிறது. எலுமிச்சம்பழம் அமிலம், சவர்க்காரம் காரம், பாசிச்சாயத்தாள் சிவக்கும், நீலமாகும். சாதாரண தரப் பரீட்சைக்கு இது போதும். பிஎச் ஒன்று கூடினால் ஐதரசன் அயன் பத்து மடங்கு குறையும் என்று பிள்ளை பாடமாக்குகிறது. அந்தப் பத்து மடங்கில்தான் வீட்டில் தம்பியின் வயிற்றோட்டம் இருக்கிறது என்று யாரும் காட்டிக்கொடுப்பதில்லை. ஒரு வாளி கிணற்றுத் தண்ணீரை வகுப்புக்குக் கொண்டுவந்து அளந்து பார்க்க எவ்வளவு செலவாகும்?

கிணற்றைச் சேறு போக இறையுங்கள், சேறும் குளோரீனைத் தின்னும். பிறகு குளோரீன் மட்டும். பி.எச்.ஐ. சொன்ன நேரம் வரை பொறுங்கள்.

பள்ளிவாசல் ஹவுழ், வீட்டுத் தாங்கி கழுவுகிறவர்களுக்கு இன்னொன்று. கழிவறைக்கு ஊற்றும் அமிலப் போத்தலையும் குளோரீன் தூளையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். அங்கே கதை தலைகீழ்: அமிலம் கூடினால் குளோரீன் வாயுவாகவே வெளியேறும். அது காற்றை விடப் பாரமானது. தாங்கியின் அடியில், குனிந்து தேய்க்கிறவரின் மூக்கு இருக்கும் இடத்தில்தான் தங்கி நிற்கும்.