கடன் கொடுப்பவன் யார்?

அம்பத்தூர், ஆவடி வட்டாரத்தைச் சுற்றிப் பார்த்திருக்கிறீர்களா தோழர்களே? 1949இல் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை. 1961இல் ஆவடியில் டாங்கி செய்யும் கனரக ஊர்தித் தொழிற்சாலை. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. பேருருக் கொண்ட ஆலைகள் ஒருபுறம். உறுப்புகளைக் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறைகள் மறுபுறம். பட்டறையிலே லேத் சுழல்கிறது. புஷ் பிறக்கிறது, பின் பிறக்கிறது. ஆலைக்குப் போய்ச் சேருகிறது. பொருள் போய்விடுகிறது. பணம்?

ஓர் ஆலையைக் குறிவைத்துக் கேட்கவில்லை. நாள் தவறாது தருவோரும் உண்டு. ஆனால் நாடெங்கும் நிலவும் வழக்கம் வேறு: "மூன்று மாதம் ஆகட்டும், நான்கு மாதம் ஆகட்டும்!"

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 ரூபாய் விலையுள்ள உறுப்பு ஒன்று. இரும்புக்கு 60, கூலிக்கு 20, மின்சாரம், உளி, வாடகைக்கு 12 என்று வைத்துக்கொள்வோம். மீதி 8 ரூபாய். செலவான 92 ரூபாயை நூற்றுக்கு மாதம் ஒன்றரை வட்டிக்கு வாங்கியவர், 4 மாதம் காத்திருந்தால் வட்டி மட்டும் ஐந்தரை ரூபாய். மிஞ்சுவது இரண்டரை. அப்போது ஆலையின் கொள்முதல் அதிகாரி கூறுகிறார்: "இந்த ஆண்டு விலையில் நூற்றுக்கு 3 குறையுங்கள்!" இலாபம் போயிற்று, அரை ரூபாய் கைநட்டம்! போதாததற்கு, பணம் வராவிட்டாலும் ஜி.எஸ்.டி.யை மறுமாதமே கட்டியாக வேண்டும்.

இப்போது சொல்லுங்கள், கடன் கொடுப்பவன் யார்? கோடியில் புரளும் ஆலைக்கு, குடிக்கூலிக்குத் திண்டாடும் பட்டறை கடன் கொடுக்கிறது; அதுவும் வட்டியில்லாமல்! பட்டறைக்குக் கடன் கொடுப்பவன் யார்? 7ஆம் தேதி வரவேண்டிய சம்பளத்தை 20ஆம் தேதி வாங்கிக்கொண்டு வாய்மூடிப் போகிறானே பாட்டாளி, அவன்தான்!

"போட்டி உலகம், செலவைக் குறைத்தாக வேண்டும்" என்பார்கள். குறையுங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? ஆர்டரை முன்கூட்டியே முறையாகக் கொடுங்கள். பாதி வேலையில் வரைபடத்தை மாற்றாதீர்கள். பத்துப் பட்டறைக்கும் சேர்த்து இரும்பு வாங்க வழி செய்யுங்கள். கழிவு குறையும், செலவும் குறையும். செலவைக் குறைப்பது வேறு. செலவை இளைத்தவன் தலையில் தள்ளுவது வேறு!

சட்டம் இல்லையா? இருக்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டம், 2006. குறு, சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. வசதியாக்க மன்றம் 90 நாளில் வழக்கை முடிக்க வேண்டும். தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போகும் ஆலை, தொகையில் 75 விழுக்காட்டை முதலில் கட்ட வேண்டும். சட்டத்திலே குறையில்லை.

பின் ஏன் பயனில்லை? புகார் சொன்னால் அடுத்த ஆர்டர் வராது என்ற அச்சம்! கழுத்தைப் பிடித்திருப்பவன் மீது கழுத்துக்குரியவனே வந்து புகார் எழுதட்டும் என்கிறது சட்டம்.

எழுதத் தேவையில்லை. 45 நாளுக்கு மேல் பாக்கி வைத்துள்ள கம்பெனிகள், அரையாண்டுக்கு ஒருமுறை அந்தக் கணக்கை மத்திய அரசிடம் தரவேண்டும் என்ற ஆணை 2019லேயே வந்துவிட்டது. பாக்கிதாரர் பட்டியல் சர்க்கார் கையில் இருக்கிறது! பட்டறைக்காரர் வாய் திறக்கும்வரை காத்திருப்பானேன்? அந்தப் பட்டியலை எடுத்து, வட்டியோடு வசூலித்துக் கொடுக்கட்டும். அரசுத் துறை ஆலைகள் முதலில் வழிகாட்டட்டும். வந்த பணத்தில் முதல் பங்கு கூலிக்கு என்று பட்டறை முதலாளிகளும் உறுதி கூறட்டும்.

1955இல் இதே ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சமதர்மப் பாணிச் சமுதாயம் சமைப்போம் என்று தீர்மானம் போட்டது. அது ஏட்டோடு நின்றது. 45 நாள் சட்டமும் ஏட்டிலே உறங்கத்தான் வேண்டுமா? பட்டறை வாயிலில் சம்பளத்துக்குக் காத்து நிற்கும் தோழனே, இந்தக் கேள்வியை நீதான் உரக்கக் கேட்கவேண்டும்!