கற்பூரம் மூச்சைக் கூட்டாது

கயிலாய யாத்திரைப் பேச்சு எழுந்தால் காரைக்கால்காரருக்குத் தனி உரிமை வந்துவிடும். தலையாலே நடந்து கயிலை ஏறிய அம்மையாரின் ஊராயிற்றே. கிளம்புகிறவரின் கைக்குட்டை முனையில் யாராவது நாலு வில்லை கற்பூரத்தை முடிந்துவிடுவார்கள்: "மூச்சு முட்டினா மோந்துக்குங்க, ஆக்சிஜன் ஏறிடும்."

ஏறாது. மூக்கில் குளிர்ச்சியை உணரும் நரம்புகளைக் கற்பூரம் சீண்டிவிடுகிறது. காற்று தாராளமாகப் போவதுபோல் இருக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் இம்மியும் கூடாது. விழுங்கினாலோ விஷம், குழந்தைகளுக்கு வலிப்பே வரும்.

'மலைக்காற்றில் ஆக்சிஜன் சதவீதம் குறைவு' என்பதும் தப்பு. அங்கும் நூற்றுக்கு 21 பங்குதான், குறைவது காற்றழுத்தம். கயிலையை வலம் வருவோர் கடக்கும் டோல்மா கணவாய் 5,600 மீட்டருக்கு மேல். நம் கடற்கரையில் ஒரு மூச்சுக்குக் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான் அங்கே கிடைக்கும்.

"தினமும் அரசலாறு முகத்துவாரம் வரை நடக்கிறேன், உயரத்தில் வரும் மலைநோய் எனக்கு வராது" என்பார் இன்னொருவர். சீன எல்லைக்கு விரைந்து அனுப்பப்பட்ட நம் சிப்பாய்களைவிடவா திடகாத்திரம்? இமயத்தில் மலைநோய் கண்ட 1,925 வீரர்களைப் பற்றி ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் சகாக்களும் 1969இல் எழுதினார்கள். உடல்வலு மலைநோயைத் தடுப்பதில்லை. வலுவுள்ளவர் வேகமாக ஏறிவிடுவார், அதுவே அவருக்கு வினை.

"டயமாக்ஸ் போட்டாச்சே?" இதில் பாதி நியாயம் உண்டு, அந்த மாத்திரை உடலைச் சீக்கிரம் பழக்கும். வழக்கமாக ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்கி, 125 மில்லிகிராம் இருவேளை. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஆனால் மாத்திரை போட்ட தைரியத்தில் ஒரே மூச்சாக ஏறக் கூடாது.

காப்பது நிதானம்தான். 3,000 மீட்டரைத் தாண்டியபின், இன்றிரவு படுக்கும் இடம் நேற்றைய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்க வேண்டும். லிபுலேக் கணவாய் வழியாகப் போகிறவர்களைக் குஞ்சியில் நிறுத்தி மறுபடி மருத்துவப் பரிசோதனை செய்யும்போது, 'சும்மா உட்கார வைக்கிறார்கள்' என்று முணுமுணுக்காதீர்கள்.

தலைவலியும் குமட்டலும் வந்தால் மேலே ஏறாதீர்கள். கூட வந்தவரைக் குதிகாலோடு விரல்நுனி சேர்த்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லிப் பாருங்கள். தள்ளாடினாலோ, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் துணையோடு கீழே இறக்கிவிடுங்கள். பாதியில் திரும்பினால் அம்மையார் கோபிக்க மாட்டார்.