ஈரலுக்கு நல்லவன் கெட்டவன் தெரியாதுங்க



மஞ்சள் வேக வைக்கிறதைப் பத்தி எழுதறேன்னு போன தடவை சொல்லியிருந்தேன். அதை அடுத்த தடவை பார்த்துக்கலாம். இந்த வாரம் மனசு அதுல நிக்கலை.

போன வாரம் எங்க பங்காளி ஒருத்தருக்குக் கருமாதி. வயசு 54. எனக்கு ரெண்டு வயசு இளையவரு, தம்பின்னுதான் கூப்பிடுவேன். ஆறு மாசமா வயிறு ஊதிக்கிட்டே வந்துச்சு. மூணு தடவை ஊசி போட்டுத் தண்ணி எடுத்தாங்க. கடைசியா ஒரு நாள் விடிகாலை ரத்தமா வாந்தி எடுத்தாரு. ஆஸ்பத்திரி போய்ச் சேரலை.

பந்தல்ல உட்கார்ந்திருந்த பெரியவங்க பேசிக்கிட்டாங்க. "தங்கமான மனுசன். ஒரு நாள் ரோட்டுல விழுந்ததில்லை, பொண்டாட்டியைக் கை நீட்டுனதில்லை. அளவாத்தான் குடிப்பாரு. அவருக்குப் போயி இப்படி ஆச்சே. அந்த மேக்கால தோட்டத்துக்காரன் தினமும் கலாட்டா பண்றான், அவன் கல்லாட்டம் இருக்கிறான்."

நான் வாயைத் திறக்கலை. ஏன்னா நானும் அளவாக் குடிச்சவன்தான். 22 வருசம்.

இன்னைக்கு நான் சண்டை போடப் போறது இந்த 'அளவா'ங்கிற வார்த்தையோடதான். எங்க ஊர்ல இந்த ஒரு வார்த்தை சாய்ச்ச ஆம்பளைங்க அதிகம். ஊருக்கு 'குடிகாரன்'னா யாருன்னா, ரோட்டுல விழுறவன், வேட்டி அவுந்து கிடக்கிறவன், நகையை அடகு வைக்கிறவன். இதுல எதையும் செய்யாம வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து குடிச்சுட்டு, சோறு தின்னுட்டுப் படுத்துட்டா அவன் நல்லவன். அவனுக்குப் பொண்ணு குடுப்பாங்க, ஊர்க் கூட்டத்துல முன்னால உட்கார வைப்பாங்க. இந்த நற்சான்றிதழ் எல்லாம் ஊருக்குச் செல்லும். ஈரலுக்குச் செல்லாது. அதுக்குத் தெரிஞ்சது எத்தனை கிராம் உள்ள வந்துச்சுங்கிறது மட்டும்தான்.

என் கதையைச் சொல்றேன். ரெண்டரை ஏக்கர், வாய்க்கால் பாசனம், ரெண்டு மாடு. சாயங்காலம் பால் கறந்து சொசைட்டிக்கு ஊத்திட்டு வந்ததும் ஒரு குவாட்டர். அதுக்கு மேல ஒரு சொட்டு தொட மாட்டேன். இதை நான் பெருமையா வேற சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

ரெண்டு மாசம் முந்தி, தம்பியை ஆஸ்பத்திரியில பார்த்துட்டு வந்த வாரம், நானும் டாக்டர்கிட்டப் போனேன். "குடிப்பீங்களா?"ன்னாரு.

"அளவாத்தானுங்க."

"அளவுன்னா எவ்வளவு?"

"ஒரு குவாட்டருங்க."

"வாரத்துக்கா?"

"தினமுங்க."

அவரு சிரிக்கலை. ஒரு சீட்டை எடுத்துக் கணக்குப் போட்டாரு. அதை உங்களுக்கும் போட்டுக் காட்டறேன். 45 கிலோ யூரியா மூட்டையில 46 சதம் தழைச்சத்துன்னு நாங்க கணக்குப் பார்த்துத்தான் வயலுக்குப் போடறோம். பாட்டிலுக்கு மட்டும் எவனும் கணக்குப் பார்க்கறதில்லை.

குவாட்டர்னா 180 மில்லி. லேபிள்ல 42.8 சதம்னு போட்டிருக்கும். அப்படின்னா சுத்த ஆல்கஹால் 77 மில்லி. எடை போட்டா சுமார் 60 கிராம். ஆம்பளைக்கு நாளைக்கு 30 கிராம் தாண்டினாலே ஈரல் கெடுற ஆபத்து ஏறுதுன்னு டாக்டருங்க சொல்றாங்க. நான் குடிச்சது அதுல ரெண்டு மடங்கு. அளவுதான், யாரோட அளவுங்கிறதுதான் கேள்வி.

புரட்டாசி, மாலை போட்ட நாள், காய்ச்சல் நாள் எல்லாம் தள்ளி வருசத்துக்கு 300 நாள்னே வச்சுக்கலாம். 18 கிலோ. 22 வருசத்துக்கு ஏறக்குறைய 400 கிலோ. ஒன்பது மூட்டை யூரியா எடை. மூட்டையை வரிசையா அடுக்கி வச்சு மனசுல பார்த்தேன். அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை.

நிஜத்தைச் சொன்னா, அதுக்கு ரெண்டு வருசம் முந்தியே தூக்கம் போயிருச்சுங்க. யார்கிட்டயும் சொன்னதில்லை. ராத்திரி மூணு மணிக்கு எந்திரிச்சு டார்ச் அடிச்சுக் கண்ணாடியில கண்ணைப் பார்ப்பேன். கட்டுத்தரையில மாட்டுக்கு இமையைக் கீழ இழுத்துப் பார்ப்போமே, அதே மாதிரி. மஞ்சள் அறுப்பு சமயம் கை, நகம், வேட்டி எல்லாம் மஞ்சளாத்தான் இருக்கும். ஒரு நாள் உள்ளங்கையைப் பார்த்துட்டு நெஞ்சே நின்னுருச்சு. சோப்புப் போட்டு நாலு தடவை கழுவுனேன். முப்பது வருசமா மஞ்சள் போடறவன் மஞ்சளைப் பார்த்துப் பயந்தேன்.

வலது விலாவுக்குக் கீழ சுருக்குன்னா பயம். ஒண்ணுக்கு மஞ்சளாப் போனா பயம். இவ்வளவு பயந்தவன் என்ன பண்ணியிருக்கணும்? ரத்தம் குடுத்திருக்கணும். நான் என்ன பண்ணேன் தெரியுமா? காலையில கீழாநெல்லியை அரைச்சு மோர்ல கலக்கிக் குடிச்சேன். சாயங்காலம் குவாட்டர். மருந்துக்கடையில ஈரல் டானிக் வாங்கி மோட்டார் ரூம்ல ஒளிச்சு வச்சு மூடி மூடியாக் குடிச்சேன். அதையும் குடிச்சுட்டுச் சாயங்காலம் குவாட்டர். ஒரு கையில தீ வச்சுக்கிட்டே மறு கையில தண்ணி ஊத்துற வேலை.

கீழாநெல்லியை நான் இளக்காரமாச் சொல்லலை. சாதாரண வைரஸ் காமாலை பெரும்பாலும் தன்னால இறங்கிடும், பேரு இலைக்குப் போகும். குடியில வர்ற ஈரல் கோளாறுக்கு முதல் மருந்து குடியை நிறுத்துறதுதான். அதை நிறுத்தாம எந்த இலையைத் தின்னாலும், எந்த டானிக்கைக் குடிச்சாலும் நம்மளை நாமே ஏமாத்திக்கிறதுதான்.

ஏன் பரிசோதனைக்குப் போகலைன்னா, வெட்கம். டவுன்ல இருக்கற லேப்ல ரத்தம் எடுக்கற பொண்ணு எங்க பக்கத்து ஊரு. மகளுக்கு வரன் பார்த்துக்கிட்டிருக்கோம். 'அப்பனுக்கு ஈரல் போச்சாம்'னு ஒரு பேச்சுக் கிளம்பினா? குடிக்கறது ஊருக்கே தெரியும், அதுல வெட்கமில்லை. டெஸ்ட் எடுக்கறதுல வெட்கம். இந்தக் கூத்தை எங்க போய்ச் சொல்றது.

இன்னொண்ணு, வலி இல்லை. வலிச்சாத்தான் நோய்னு நாம வளர்ந்தோம். ஈரலுக்கு உள்ள வலி தெரியற நரம்பு இல்லைன்னு டாக்டர் சொன்னாரு. முக்கால்வாசி போற வரைக்கும் அது சத்தம் போடாம வேலை பார்க்கும். வயிறு ஊதி, கால் வீங்கி, கண்ணு மஞ்சளாகி, மலம் தார் மாதிரி கறுப்பாப் போற வரைக்கும் காத்திருந்தா, தம்பியாட்டம்தான் போய்ச் சேரணும்.

இனி நகரத்துல இருக்கற உங்ககிட்ட வர்றேன். கோவிச்சுக்காதீங்க.

கிராமத்தைப் பத்தி உங்களுக்கு ஒரு நெனப்பு. 'பாவம், உடம்பு வலிக்குக் குடிக்கறாங்க.' வலிக்குக் குடிச்சா வலி போகலீங்க, அடுத்த நாளைக்கும் குடிக்க ஒரு காரணம்தான் மிஞ்சுது. 'கள்ளு இயற்கை உணவு, ஈரலுக்கு ஒண்ணும் பண்ணாது'ங்கிறது இன்னொரு நெனப்பு. சுண்ணாம்பு தடவின பானையில இறங்கற தெளுவு வேற, புளிச்ச கள்ளு வேற. கள்ளுல நாலஞ்சு சதம் ஆல்கஹால். ஒரு லிட்டர் குடிச்சா 40 கிராம் கிட்ட வருது. உங்க ஊர்ல 'பீர்தானே'ம்பாங்க. 650 மில்லி ஸ்ட்ராங் பீரு, 8 சதம்னா அதுவும் 41 கிராம். மரத்துல இருந்து வந்துச்சா, மிஷின்ல இருந்து வந்துச்சான்னு ஈரல் கேக்காது. கள்ளுக்கடை திறக்கலாமா வேண்டாமாங்கிறது தென்னை விவசாயியோட வருமானப் பிரச்சினை. அதைப் பேசுங்க, நானும் வர்றேன். அதை மருந்துன்னு மட்டும் சொல்லாதீங்க.

பொங்கலுக்கு ஊருக்கு வர்றப்ப ஏர்போர்ட்டுல ஒரு பாட்டில் வாங்கிட்டு வர்றீங்க பாருங்க, அதையும் சொல்லியாகணும். என் அக்கா மகன் போன வருசம் கொண்டாந்தான். "மாமா, இது நல்ல சரக்கு. உங்க ஊர்க் கடைச் சரக்குதான் ஈரலைக் கெடுக்கும்." பாசமாத்தான் குடுத்தான். நானும் லேபிளைப் பார்த்தேன், 40 சதம். வெலை பத்து மடங்கு, ஆல்கஹால் அதேதான். அம்மாவுக்குப் பிரசர் மிஷின் வாங்கிட்டு வர்ற பையன், மாமனுக்கு பாட்டில் வாங்கிட்டு வர்றான்.

'எங்க தாத்தா 85 வயசு வரைக்கும் குடிச்சாரு'ன்னு சிலர் சொல்வீங்க. எங்க அப்பாருவும் அப்படித்தான் இருந்தாரு. பல வருசம் அதிகமாக் குடிக்கறவங்கள்ல பத்துக்கு ஒண்ணு ரெண்டு பேருக்குத்தான் ஈரல் சுருங்குது, உண்மை. ஆனா அந்த ஒண்ணு ரெண்டு யாருன்னு முன்கூட்டி நெத்தியில எழுதியிருக்கா? வரப்புல பத்துப் பொந்து இருக்கு, ரெண்டுல நாகம் இருக்குன்னா, எதுலயாச்சும் கையை விடுவீங்களா?

அரசாங்கத்தைப் பத்தி ஒரு வார்த்தை. 2003-ல இருந்து தமிழ்நாட்டுல சில்லறைக் கடையே அரசாங்கம்தான் நடத்துது. கடையை மூடணும்னு கத்த நான் வரலை. 1987-ல கள்ளு, சாராயத்தைத் தடை பண்ணதுக்கப்புறம் ஓடைப்பக்கம் என்ன ஓடுச்சுன்னு பார்த்த வயசு எனக்கு. நான் கேக்கறது சின்ன விசயம். மது நாட்டுக்கு, வீட்டுக்கு, உயிருக்குக் கேடுன்னு வருசக்கணக்கா பாட்டில்ல படிச்சிருக்கேன். நாட்டுக்குக் கேடுன்னா எனக்கென்னன்னு மூடியைத் திருகியிருக்கேன். அதுக்குப் பதிலா 'இதில் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது, தினம் குடித்தால் ஈரல் கெடும்'னு பெரிய எழுத்துல போடுங்க. பூச்சி மருந்து டப்பாவுல சிவப்பு முக்கோணம் போட்டு எங்களுக்குப் புரிய வைக்கத் தெரிஞ்சவங்களுக்கு இது தெரியாதா? விக்கற இடத்துக்குப் பக்கத்துலயே மாசம் ஒரு நாள் ஈரல் டெஸ்ட் முகாம் போடுங்க. ஊரே வரிசையில நின்னா அங்க யாருக்கு வெட்கம்?

என் ரிப்போர்ட்டைச் சொல்லிடறேன். தனியார் லேப்ல 450 ரூபாய் ஆச்சு, மூணு குவாட்டர் காசு. எஸ்ஜிஓடி 118, எஸ்ஜிபிடி 52. ஓடி ரெண்டு மடங்குக்கு மேல இருந்தா அது பெரும்பாலும் குடியோட கையெழுத்துன்னாரு டாக்டர். ஸ்கேன்ல கொழுப்பு படிஞ்ச ஈரல். பிளேட்லெட் கொஞ்சம் குறைவு, அதுதான் அவருக்கு யோசனை. ரத்த டெஸ்ட் நல்லா இருந்தாக்கூட ஈரல் நல்லா இருக்குன்னு முடிவு கட்ட முடியாதாம். தழும்பு விழுந்திருக்கான்னு ஃபைப்ரோஸ்கேன் பார்க்கணும், ரெண்டு மாசம் சுத்தமா நிறுத்திட்டு வாங்கன்னாரு. கொழுப்பு மட்டும்னா, நிறுத்தின சில வாரத்துலயே கரைய ஆரம்பிச்சிடும். தழும்பு ரொம்ப முத்திட்டா பழையபடி ஆகறது கஷ்டம், ஆனா அப்பவும் நிறுத்தினா ஆயுசு நீளும்.

ஒரு எச்சரிக்கை. இதைப் படிச்சுட்டு வீம்புக்கு இன்னைக்கே ஒரேயடியா நிறுத்தாதீங்க. காலையிலயே கை நடுங்கறவங்க, எந்திரிச்சதும் குடிக்கறவங்க திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உசுருக்கே ஆபத்து. எனக்கே ரெண்டாம் நாள் டம்ளர் பிடிக்க முடியலை. டாக்டர் மாத்திரையும் வைட்டமின் பி1-ம் குடுத்திருந்ததால தப்பிச்சேன். மாலை போட்டப்ப 48 நாள் நிறுத்தினேனே, நான் அடிமை இல்லைன்னு பேசுனவன்தான் நானும். மாலையைக் கழட்டுன அன்னைக்கு சாயங்காலம் எங்க நின்னேன்னு எனக்குத் தெரியும்.

ரிப்போர்ட்டை உரக்கடை ரசீதுக்கு அடியில ஒளிச்சு வச்சிருந்தேன். கருமாதி முடிஞ்ச ராத்திரி எடுத்து வீட்டுக்காரம்மாகிட்டக் குடுத்தேன். படிச்சுட்டு ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் சொன்னா, "ஏனுங்க, நீங்க அளவாக் குடிக்கறீங்கன்னு நானுந்தானுங்க இத்தனை வருசமா எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லிட்டிருந்தேன்."

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துருச்சுங்க.

இன்னையோட 61 நாள். வர்ற வியாழக்கிழமை கோயமுத்தூர் போய் ஃபைப்ரோஸ்கேன் எடுக்கறேன். அவளும் கூட வர்றா. பயம் இருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஆனா மூணு மணிக்கு டார்ச் எடுத்துக்கிட்டுக் கண்ணாடிக்குப் போறதில்லை.

உங்க வீட்டுலயும் ஒரு அளவாக் குடிக்கறவரு இருப்பாரு. அப்பாவா, மாமனா, நீங்களேவா இருக்கலாம். அவர்கிட்ட சண்டை போடாதீங்க, அறிவுரை வேண்டாம். எத்தனை மில்லி, எத்தனை சதம், எத்தனை வருசம்னு உட்கார்ந்து கணக்கு மட்டும் போடுங்க. அப்புறம் கூட்டிட்டுப் போய் ரத்தம் குடுக்க வைங்க. அடுத்த தடவை ஊருக்கு வர்றப்ப பாட்டிலுக்குப் பதிலா அதைச் செய்யுங்க.

வியாழக்கிழமை என்ன வந்தாலும் எழுதறேன். மஞ்சளைப் பத்தியும்தான்.