திறவுகோலின் நீளமன்று, விதையே வினா

சித்தூர் வயலோர வீடுகளுக்கும் தேவிகுளம் தேயிலைத் தோட்ட லயங்களுக்கும் இணையம் சென்றுசேர்வது பற்றிக் கருத்தரங்குகளில் பேச்சுக்குக் குறைவில்லை. 2023 ஜூன் 5 அன்று தொடங்கப்பட்ட கே-ஃபோன், 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்னும் இலக்கோடு வந்தது. வேகமும் விலையும் அலசப்படுகின்றன. சுவரில் தொங்கும் ரவுட்டர் முதன்முதலாக விழிக்கும் சில நொடிகளில் தன் திறவுகோலை எதிலிருந்து ஆக்குகிறது என்பதை மட்டும் எவரும் வினவுவதில்லை.

விசைத் தட்டல், வட்டின் இயக்கம், குறுக்கீடுகளின் நேர வேறுபாடு ஆகியவற்றிலிருந்தே இயங்குதளம் தற்செயல் எண்களுக்கான விதையைத் திரட்டுகிறது. ரவுட்டருக்கு விசைப்பலகையும் இல்லை, சுழலும் வட்டும் இல்லை. ஒரே மென்பொருட்படியைத் தாங்கிய ஆயிரம் கருவிகள் ஏறத்தாழ ஒரே நிலையில் விழிக்கின்றன.

இது வெற்றச்சமன்று. 2012இல் நாடியா ஹெனிங்கர் குழுவினர் இணையம் முழுவதிலுமிருந்து பொதுத் திறவுகோல்களைத் திரட்டி, அவற்றிடையே மீப்பெரு பொது வகுத்தியைக் கண்டனர். டிஎல்எஸ் வழங்கிகளில் 0.50 விழுக்காட்டின் இரகசியத் திறவுகோல்கள் வெளிப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை ரவுட்டர் போன்ற சிறு கருவிகள். பள்ளி மாணவர் கற்கும் யூக்ளிடின் வழிமுறையே பூட்டைத் திறந்தது. பகா எண்ணின் நீளத்தை மட்டும் போதித்துவிட்டுப் பாடத்தை முடிக்கும் பேராசிரியர்கள் இதற்கு என்ன மறுமொழி வைத்திருக்கிறார்கள்?

‘லினக்ஸ் இதைத் தீர்த்துவிட்டது’ என்பர். விதை நிரம்பும்வரை காத்திருக்கும் கெட்ரேண்டம் அழைப்பு 2014இல் வந்தது உண்மையே. ஆயினும் அதை அழைக்காத மென்பொருளுக்கும் பழைய கெர்னலோடு விற்கப்படும் மலிவுக் கருவிக்கும் அதனால் பயனில்லை. அணையும்போது விதையைச் சேமித்து மறுமுறை பயன்படுத்தும் ஏற்பாடோ, முறையாக அணைக்கப்படும் கருவியை எண்ணி வகுக்கப்பட்டது. இடுக்கி மலையில் பருவமழைக் காலத்து மின்தடை அறிவித்துவிட்டு வருவதில்லை. விழித்தவுடன் பழைய விதையை மாற்றி எழுதாத கருவி, அதே விதையோடு மீண்டும் மீண்டும் எழுகிறது.

செய்யவேண்டியவை அரியன அல்ல. ஆலையிலேயே ஒவ்வொரு கருவிக்கும் தனி விதை. சில்லுக்குள் தற்செயல் மூலம். விதை நிரம்பும்முன் திறவுகோல் ஆக்குவதற்குத் தடை. இம்மூன்றும் கொள்முதல் நிபந்தனைகளாக வேண்டும். ஒரே வகை ரவுட்டர்கள் இருபதை ஒருங்கே இயக்கித் திறவுகோல்களை ஒப்பிடும் ஆய்வு, முதுகலை மாணவர் ஒருவரின் ஒரு பருவப் பணியே. கருவியின் திறவுகோல் பிறர் கைப்பட்டால் அதன் கடவுச்சொல்லும் நிர்வாகமும் பறிபோகும். பின்னர் அந்த வீட்டார் நாடும் தளங்களுக்குப் பதில் போலித் தளங்களைக் காட்டவும் இயலும். அந்த இழப்பைச் சுமப்பவர், திறவுகோல் என்றால் இரும்புச் சாவி என்றே அறிந்த தோட்டத் தொழிலாளி. அவர் சார்பில் கேட்கவேண்டிய வினாவைக் கற்றவர்கள் கேட்காதிருப்பது அறியாமையன்று, அசட்டை.