உடலின் உரிமையும் உப்பின் அளவும்

வங்கக் கடலுக்கும் பழவேற்காடு ஏரிக்கும் இடைப்பட்ட மணல் திட்டில் அமைந்த மீனவர் ஊர் லைட்ஹவுஸ் குப்பம். அங்கும் அதைச் சூழ்ந்த குப்பங்களிலும் விற்காமல் எஞ்சிய மீன் உப்பிடப்பட்டு, வெயிலில் காய்ந்து கருவாடாகிறது. அன்றைய உழைப்பு வீணாகாமல் காப்பது உப்புதான். அவ்வகையில் அது இறைவனின் அருட்கொடை. எனினும், மீன் கெடாமலிருக்கத் தேவையான அளவு வேறு. மனிதர் உண்ணத் தக்க அளவு வேறு. இவ்வேறுபாட்டை நம் அடுக்களைகள் மறந்து வருகின்றன.

வயது வந்த ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. கருவாட்டுக் குழம்பு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் ஒரே சஹனில் சேரும்போது இந்த எல்லை எளிதில் கடந்துபோகிறது. நோன்புக் கஞ்சியோடு வடையும் சமோசாவும் சேரும்போதும் அப்படியே.

சில இல்லங்களில் உணவை உப்பைத் தொட்டுத் தொடங்கி, உப்பைத் தொட்டே முடிக்கும் வழக்கம் உண்டு. உப்பு எழுபது நோய்களுக்கு மருந்து என்னும் செய்தியை அதற்குச் சான்றாகக் கூறுவர். ஆனால் இமாம் இப்னுல் ஜவ்ஸி அச்செய்தியை இட்டுக்கட்டப்பட்டவற்றின் தொகுப்பில் சேர்த்துள்ளார். நபிவழி என்ற பெயரால் இரத்த அழுத்த நோயாளியின் தட்டில் உப்பை வைப்பது முறையன்று. உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்பது புகாரியில் பதிவான நபிமொழியின் கருத்து. உண்பதிலும் பருகுவதிலும் எல்லை மீறுவதை அல்அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனம் தடுக்கிறது.

ஒரு வேளை உப்பு மிகுந்துவிட்டால் தாகம், தலைவலி, கைகால் வீக்கம் தோன்றலாம். சிறுநீரகம் நலமாக இருப்போருக்கு மிகுதியான உப்பு ஓரிரு நாள்களில் சிறுநீரோடு வெளியேறும். அதற்குத் தாகம் தீரும் அளவுக்குத் தண்ணீரைச் சிறுகச் சிறுகப் பருகினால் போதும். அடுத்த வேளைகளில் உப்புக் குறைந்த கஞ்சி, காய்கறி, பழங்களை உண்ணலாம். தாகத்துக்கென உப்பிட்ட மோரும் எலுமிச்சைச் சாறும் அருந்துவது மீண்டும் உப்பையே சேர்க்கும். இதய, சிறுநீரக நோயாளிகள் தண்ணீரையும் இளநீரையும் மருத்துவர் கூறிய அளவிலேயே அருந்த வேண்டும். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, மனக்குழப்பம் கண்டால் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இவ்வாறு மீண்டவர் மறுவாரமே பழைய சுவைக்குத் திரும்பினால் பயன் என்ன? தினந்தோறும் மிகும் உப்பு இரத்த அழுத்தத்தை உயர்த்தி, மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வழிசெய்கிறது. ஆதலால் உண்மையான மீட்சி சமைக்கும் பானையில்தான் தொடங்க வேண்டும். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து, நீரை இருமுறை மாற்றி, குழம்பில் வேறு உப்புச் சேர்க்காமல் சமைக்கலாம். நெத்திலி போன்ற சிறுமீன்கள் உப்பிடாமலும் உலர்த்தப்படுகின்றன. அவற்றைக் கேட்டு வாங்கலாம். ஸஹர் உணவில் ஊறுகாயைத் தவிர்த்தால் பகலின் தாகம் தணியும். உப்பைச் சிறிது சிறிதாகக் குறைத்தால் சில வாரங்களில் நாவும் பழகிவிடும்.

இதில் சமைப்பவரை மட்டும் பொறுப்பாக்குவது நியாயமன்று. உப்புக் குறைந்த உணவைக் கண்டு முகம் சுளிக்கும் ஆண்களாலேயே பல தாய்மார்கள் பழைய அளவுக்குத் திரும்புகின்றனர். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை; விரும்பினால் உண்டார்கள், விரும்பாவிடில் விட்டுவிட்டார்கள். உப்புக் குறைந்த சஹனின் முன் அமரும் ஒவ்வொருவரும் அந்த நபிவழியைப் பின்பற்றுவோமாக. வல்ல அல்லாஹ் நம் இல்லங்களுக்கு நல்ல உடல்நலத்தை வழங்குவானாக! ஆமீன்.