"சொந்தச் செலவில்" என்றால் யார் செலவில்?

போன மாதம் ஒரு அக்கா என்னைத் தேடி நாட்றம்பள்ளிக்கு வந்தார். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறார். கணவர் எட்டு மாதமாக விசாரணைக் கைதி. உள்ளே போவதற்கு முன் பல வருடம் டேனரியில் டிரம் வேலை பார்த்தவர். ஜாமீன் மனு எழுத ஆள் கேட்டு வந்திருப்பார் என்று நினைத்தேன். அவர் மஞ்சப்பையைக் கவிழ்த்து மேசையில் கொட்டினார். மருந்துக்கடை ரசீதுகள், ஸ்கேன் பில், பஸ் டிக்கெட்டுகள்.

"அண்ணா, ஜெயில்ல வைத்தியம் இலவசம்தானே? அப்புறம் இதெல்லாம் ஏன் நான் கட்டினேன்?"

நடந்தது இதுதான். கணவருக்கு மாதக்கணக்கில் இருமல், மூச்சிரைப்பு. பல வாரம் சொன்ன பிறகு வழிக்காவல் கிடைத்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். அங்கே ஸ்கேனுக்கு மூன்று வாரம் கழித்துத் தேதி. மூன்று வாரம் கழித்து மறுபடி போலீஸ் கிடைக்குமா என்று யாருக்கும் தெரியாது. "வெளியில எடுத்துட்டா சீக்கிரம் முடியும்" என்று யாரோ சொல்ல, இவர் கம்மலை அடகு வைத்துப் பணம் கட்டினார். எழுதிக் கொடுத்த மாத்திரையில் இரண்டு ஸ்டாக் இல்லை. அதையும் வெளியே வாங்கிக் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போனது. இதில் எதற்கும் யாரும் உத்தரவு போடவில்லை. அதனால் புகார் சொல்லவும் ஆள் இல்லை.

அந்த அக்காவின் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு.

சட்டத்தில் குழப்பம் எதுவும் இல்லை. 1894ஆம் ஆண்டு சிறைச் சட்டத்தை எழுதியவன் வெள்ளைக்காரன். அவனே ஒவ்வொரு சிறையிலும் ஆஸ்பத்திரியோ, நோயாளிகளை வைக்கத் தகுந்த இடமோ இருக்க வேண்டும் என்று 39ஆம் பிரிவில் எழுதினான். 2015இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மண்டேலா விதிகளில் 24ஆவது விதி, கைதிக்கு வெளியே இருப்பவர்களுக்குக் கிடைக்கும் அதே தரத்தில், கட்டணம் இல்லாமல் மருத்துவம் கிடைக்க வேண்டும் என்கிறது. காரணம் எளிது. ஒரு மனிதனைப் பூட்டி வைத்து, தானாக ஆஸ்பத்திரிக்குப் போகும் உரிமையை அரசு எடுத்துக்கொண்டால், அவன் உடம்புக்கான பொறுப்பும் அரசின் தலையில் விழுகிறது.

ஆனால் நடைமுறையில் இரண்டு சொற்கள் உள்ளே நுழைந்துவிட்டன. "சொந்தச் செலவில்."

சமீப வருடங்களின் வழக்குகளை எடுத்துப் பாருங்கள். 2020 நவம்பரில் பீமா கோரேகான் வழக்கில் சிறையில் இருந்த கவிஞர் வரவர ராவை தனியார் ஆஸ்பத்திரிக்கு மாற்றச் சொன்ன மும்பை உயர்நீதிமன்றம், செலவை மகாராஷ்டிர அரசே ஏற்க வேண்டும் என்றது. ஆறு மாதம் கழித்து, 2021 மே 28 அன்று, அதே வழக்கு, அதே தலோஜா சிறை, அதே உயர்நீதிமன்றம். திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்டில் ஆதிவாசிகளோடு வாழ்ந்த, 84 வயது, பார்க்கின்சன் நோயாளியான ஸ்டேன் சுவாமியை தனியார் ஆஸ்பத்திரிக்கு மாற்றச் சொன்னது. இந்த முறை செலவு அவருடையது. கை நடுக்கத்தால் டம்ளர் பிடிக்க முடியாமல், உறிஞ்சு குழாய் வைத்த கோப்பைக்கு நீதிமன்றத்தில் மனு போட வேண்டியிருந்தது அந்த மனிதருக்கு. ஜூலை 5 அன்று ஆஸ்பத்திரியிலேயே இறந்தார்.

ஒரே சிறையிலிருந்து வந்த இரண்டு வயதானவர்களில் ஒருவருக்கு அரசு கட்டுகிறது, இன்னொருவர் தானே கட்டிக்கொள்ள வேண்டும். இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டப் பிரிவும் சொல்லவில்லை. வழக்குக்கு வழக்கு, நாளுக்கு நாள் மாறுகிறது. விதி இல்லாத இடத்தில் காசு இருப்பவனும், வக்கீல் இருப்பவனும், நாலு பேருக்குத் தெரிந்தவனும் பிழைத்துக்கொள்கிறான்.

நம் மாநிலத்துக்கு வருவோம். 2023 ஜூனில் அமலாக்கத்துறை கைது செய்த அமைச்சர் செந்தில்பாலாஜிக்கு இதய ரத்தக்குழாயில் அடைப்பு என்று அரசு ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தார்கள். மறுநாளே சென்னை உயர்நீதிமன்றம் அவர் விரும்பிய தனியார் ஆஸ்பத்திரிக்கு, அவர் செலவில், மாற அனுமதித்தது. ஒரு வாரத்துக்குள் பைபாஸ் அறுவை சிகிச்சை முடிந்தது. அவருக்குக் கிடைத்தது தவறு என்று நான் சொல்லவில்லை. அடைப்பு யார் இதயத்தில் இருந்தாலும் அடைப்புதான். என் கேள்வி, நாட்றம்பள்ளி காலனியிலிருந்து போன டிரம் தொழிலாளிக்கு நெஞ்சு வலித்தால் அந்த வேகம் ஏன் வராது என்பது மட்டும்தான். "சொந்தச் செலவில்" என்று நீதிமன்றம் எழுதும்போது அது பாரபட்சம் இல்லாத வாசகம் போலத் தெரிகிறது. சொந்தச் செலவு என்று ஒன்று இல்லாதவனுக்கு அது மூடிய கதவு.

யார் அந்த இல்லாதவன்? தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு சிறைப் புள்ளிவிவரத்தின்படி இந்தியச் சிறைகளில் 5 லட்சத்து 73 ஆயிரம் பேர். அவர்களில் நான்கில் மூன்று பங்கு விசாரணைக் கைதிகள். குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். உள்ளே இருப்பவர்களில் ஐந்தில் ஒருவர் தலித். மக்கள்தொகையில் நம் பங்கு 16.6 சதவீதம் என்பதை நினைவில் வையுங்கள். ஆதிவாசிகள், முஸ்லிம்கள் கணக்கையும் சேர்த்தால் சிறை என்பது யாருக்காகக் கட்டிய வீடு என்று விளங்கும்.

அந்த வீட்டுக்குள்ளும் சாதிதான் வார்டு பிரித்தது. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்சநீதிமன்றம், சிறைகளில் சாதி பார்த்து வேலை பிரிப்பதும் இடம் பிரிப்பதும் அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பில் நம் பாளையங்கோட்டை சிறையின் சாதி வாரிப் பிரிவுகளும் பேசப்பட்டன. கக்கூஸ் கழுவும் வேலையை சாதி பார்த்துக் கொடுப்பதை நிறுத்தச் சொல்லியாயிற்று. வைத்தியத்தை மடி பார்த்துக் கொடுப்பதை யார் நிறுத்துவது?

எங்கள் பகுதிக்கு இதில் தனிக் கணக்கு ஒன்று உண்டு. பாலாற்றுக் கரையில் வாணியம்பாடி முதல் ராணிப்பேட்டை வரை தோல் தொழிலில் சுண்ணாம்புக் குழியிலும் டிரம்மிலும் நின்றவர்களில் பெரும்பாலோர் நம் ஆட்கள். குரோமியம், அமிலம், தோல் தூசி. கை வெந்து போவது, தோல் அரிப்பு, இளைப்பு. முறையான பதிவு இல்லாமல் கூலிக்கு நிற்பவருக்கு இ.எஸ்.ஐ. அட்டை கிடையாது, வியாதிக்குக் காகிதமும் கிடையாது. அவர் கைதாகி உள்ளே போகும் நாளில் மருத்துவர் அவரைப் பரிசோதித்து எழுத வேண்டும் என்று அதே 1894 சட்டம் சொல்கிறது. அந்தப் பரிசோதனையில் "என்ன வேலை பார்த்தாய், எத்தனை வருடம்" என்று ஒரு கேள்வி கேட்டாலே பாதி நோய் முதல் நாளே தெரிந்துவிடும். கேட்காததால் எட்டாவது மாதம் மூச்சு முட்டும்போது தெரிகிறது. வேலூர் மத்திய சிறையில் போலீசுக்கு ஷூ தைக்கிறார்கள். வெளியே இருந்தாலும் தோல், உள்ளே போனாலும் தோல். வைத்தியத்துக்கு மட்டும் நம்மை யாருக்கும் அடையாளம் தெரிவதில்லை.

"செலவைக் கட்டுப்படுத்த வேண்டாமா? அரசு எவ்வளவுதான் கட்டும்?" என்று சிலர் கேட்பார்கள். கட்டாயம் கட்டுப்படுத்த வேண்டும். எப்படி என்பதில்தான் சண்டை.

ஒரு வழி, செலவை நோயாளி தலையில் கட்டுவது. அமெரிக்கா அதைச் செய்து பார்த்தது. கலிபோர்னியா சிறைகளில் டாக்டரைப் பார்க்க ஒரு தடவைக்கு 5 டாலர் வாங்கினார்கள். உள்ளே மணிக்கு 8 சென்ட்டிலிருந்து கூலி. அதாவது ஒரு முறை டாக்டரைப் பார்க்க அறுபது மணி நேரத்துக்கு மேல் உழைக்க வேண்டும். காசுக்குப் பயந்து வியாதியை மறைப்பான், முற்றிய பிறகு வருவான், செலவு பல மடங்காகும். 2019இல் கலிபோர்னியாவே அந்தக் கட்டணத்தை ஒழித்தது. இங்கே ஒரு விசாரணைக் கைதிக்கு அந்த 8 சென்ட்டும் இல்லை.

இங்கேயும் கைதிக்கு பில் போடும் பழக்கம் மெல்ல வருகிறது. உடல்நிலை காரணமாகச் சிறைக்குப் பதில் வீட்டுக்காவல் கேட்டார் கௌதம் நவ்லகா. அவரைக் காவல் காத்த போலீசுக்கான செலவு என்று 1 கோடியே 64 லட்சம் ரூபாய் கேட்டது தேசிய புலனாய்வு முகமை. 2024 மே மாதம் ஜாமீன் கொடுத்தபோது 20 லட்சம் கட்டச் சொன்னது உச்சநீதிமன்றம். நாளைக்கு வழிக்காவலுக்கும் நம்மிடம் பில் நீட்டமாட்டார்கள் என்று யார் சொல்ல முடியும்?

இன்னொரு வழி நம் மாநிலத்திலேயே இருக்கிறது. மருந்தை மொத்தமாக, டெண்டரில், குறைந்த விலைக்கு வாங்க 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் இருக்கிறது. தனியார் ஆஸ்பத்திரி எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு வாங்கலாம் என்று விலை கட்டிவைத்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. செலவைக் கட்டுப்படுத்தும் கருவி இரண்டும் அரசின் கையில்தான். ஆகவே நம் கோரிக்கை இப்படி இருக்க வேண்டும்:

அரசு ஆஸ்பத்திரியில் முடியாத, அல்லது உரிய நேரத்தில் கிடைக்காத சிகிச்சையை, ஸ்கேன் உட்பட, வெளியே எடுத்தால் காப்பீட்டுத் திட்டம் நிர்ணயித்த விலையில் சிறைத்துறை நேரடியாகக் கட்ட வேண்டும். கைதியின் குடும்பத்தின் கைக்கு எந்த பில்லும் வரக்கூடாது. சிறை மருந்தகத்தில் ஒரு மருந்து இல்லை என்றால் அதை வாங்கித் தருவது சிறையின் வேலை. வழிக்காவல் இல்லாமல் தவறிய ஒவ்வொரு ஆஸ்பத்திரித் தேதியையும் காரணத்தோடு பதிவேட்டில் எழுத வேண்டும். ஏனென்றால் சிறை மருத்துவத்தில் அதிகம் செலவு வைப்பது தாமதம். பத்து ரூபாய் மாத்திரையில் முடிய வேண்டியதை ஐ.சி.யூ. வரை கொண்டுபோவது அதுதான்.

"நிதி இல்லை" என்ற பதிலுக்கும் உச்சநீதிமன்றம் 1996லேயே பதில் சொல்லிவிட்டது. மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஹக்கீம் ஷேக்கை அரசு ஆஸ்பத்திரிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் படுக்கை இல்லை என்று திருப்பி அனுப்பின. தனியாரில் சுமார் 17 ஆயிரம் ரூபாய் செலவழித்து உயிர் பிழைத்தார். விவசாயத் தொழிலாளர் சங்கம் வழக்குப் போட்டது. பணமில்லை என்று காரணம் காட்டி உயிர் காக்கும் கடமையிலிருந்து அரசு நழுவ முடியாது என்று சொன்ன நீதிமன்றம், அவருக்கு 25 ஆயிரம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. சுதந்திரமாக நடமாடியவருக்கே அந்த நியாயம் என்றால், பூட்டிய கதவுக்குப் பின்னால் இருப்பவருக்கு எவ்வளவு பொருந்தும்?

உள்ளே ஆள் இருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. எந்த ரசீதையும் தூக்கிப் போடாதீர்கள். மனு பார்க்கப் போகும்போது நோயைப் பற்றி வாயால் சொல்லிவிட்டு வராமல், சிறைக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு நகலை மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள். அங்கே கைதிக்கு வக்கீல் இலவசம். உயிருக்கும் சுதந்திரத்துக்கும் சம்பந்தப்பட்ட தகவலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 48 மணி நேரத்தில் தர வேண்டும். "என் கணவருக்கு என்ன சிகிச்சை கொடுத்தீர்கள், எந்தத் தேதியில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனீர்கள்" என்று கேளுங்கள். எழுதத் தெரியாவிட்டால் எங்களிடம் வாருங்கள்.

அந்த அக்காவின் பையிலிருந்த ரசீதுகளைத் தேதி வாரியாக ஒட்டி, மொத்தத் தொகையைக் கீழே எழுதி, திருப்பித் தரச் சொல்லி மனு அனுப்பியிருக்கிறோம். கிளம்பும்போது அவர் கேட்டார்: "கம்மல் திரும்பி வருமா அண்ணா?" தெரியாது என்றேன். ஆனால் இந்தக் கணக்கு இனி அவர் மஞ்சப்பையில் மட்டும் இருக்காது. சிறைத்துறைக் கோப்பிலும் இருக்கும்.

ஜெய் பீம்.