மூன்று கிழமையில் ஒருவனைத் தீர்ப்பிடாதீர்கள்

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்போல் பருவம் மார்ச் கடைசியில் தொடங்கும். ஏப்ரல் முடிவதற்குள் தீர்ப்புகள் வந்துவிடும். "ஆள் முடிஞ்சுது." "காசு கைக்கு வந்தவுடன பசி போயிட்டுது." "மனசில உறுதி இல்லை, அதுதான் அடிக்கேலாமல் நிக்கிறான்." வர்ணனையாளர் சொல்வார், மைதானத்தில் இருப்பவன் கத்துவான், யூடியூபில் சுருக்கக் காட்சி பார்த்துவிட்டு வரும் எங்கட ஆட்களும் சொல்வார்கள். ஆதாரம் என்ன? மூன்று கிழமை ஆட்டம். எழுபது, எண்பது தடவை மட்டையோடு நின்றது. அவ்வளவுதான்.

இதை ரசனை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இது ஒரு மனிதனின் குணத்தின் மேல் வைக்கும் குற்றச்சாட்டு. குற்றம் சாட்டுபவன் ஆதாரம் காட்ட வேண்டும். அந்த ஆதாரம் எது, எது ஆதாரமே இல்லை என்று பிரித்துச் சொல்வதுதான் நவீன பேஸ்போல் புள்ளிவிபரங்களின் வேலை. அவற்றை "கம்ப்யூட்டர் பெடியங்களின் விளையாட்டு" என்று நக்கலடிப்பவர்கள், தாங்கள் எதைக் காப்பாற்றுகிறார்கள் என்று ஒருக்கால் யோசிக்க வேண்டும்.

கிரிக்கெட் கண்ணோடு வருபவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். பேஸ்போலில் துடுப்பாட்டச் சராசரி என்பது ஓட்டக் கணக்கு அல்ல. பத்து முயற்சியில் மூன்று தடவை அடித்துவிட்டுப் பத்திரமாகத் தளத்துக்குப் போய்ச் சேர்ந்தால் 0.300. அவர் நல்ல வீரர். 0.200 க்குக் கீழே போனால் அவமானம். அதாவது, மிக நல்ல வீரர்கூடப் பத்தில் ஏழு தடவை தோற்கிறார். தோல்விதான் இந்த விளையாட்டின் அன்றாடச் சோறு. அப்படியான ஒன்றில் தோல்விகள் அடுத்தடுத்து வரிசையாக வந்து நிற்பது அதிசயமே இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உண்மையிலேயே 0.300 திறமை உள்ள ஒருவர், ஒரு பருவத்தில் 600 முயற்சி. ஒவ்வொரு முயற்சியும் நாணயம் சுண்டுவது போலத் தனித்தனி என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பருவத்தில் ஒரு தடவையாவது தொடர்ந்து 15 முயற்சி வெறுமையாகப் போகும் வாய்ப்பு பாதிக்கு மேல். பயம் இல்லை, சோம்பல் இல்லை, குடும்பப் பிரச்சினை இல்லை. வெறும் நிகழ்தகவு. அதேபோல 0.270 திறமை உள்ள ஒருவர் 100 முயற்சியில் 22 அல்லது அதற்கும் குறைவாக அடிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஆறில் ஒன்று. முப்பது அணி இருக்கும் லீக்கில், சராசரியாக அணிக்கு ஒருவராவது ஏப்ரலில் இப்படிச் சறுக்குவார். அவர்கள்தான் அந்த வருடத்தின் "முடிஞ்ச ஆட்கள்".

2004 ஏப்ரலில் நியூயோர்க் யாங்கீஸின் டெரெக் ஜீட்டர் தொடர்ந்து 32 முயற்சியில் ஒன்றுகூட அடிக்கவில்லை. சொந்த ரசிகர்களே ஊளையிட்டார்கள். பருவம் முடியும்போது அவரின் சராசரி 0.292. ஜீட்டருக்குப் பெயர் இருந்தது, அணித்தலைவர் பதவி இருந்தது, அதனால் காத்திருந்தார்கள். பெயர் இல்லாதவனுக்கு?

பெயர் இல்லாதவனுக்கு என்ன நடக்கும் என்பதற்கு மரியோ மெண்டோசா சாட்சி. 0.200 என்ற அவமான எல்லையை அமெரிக்காவில் "மெண்டோசா கோடு" என்பார்கள். பகிடி என்னவென்றால், அவரின் வாழ்நாள் சராசரி 0.215. தன் பெயரில் கிடக்கும் கோட்டுக்கு மேலேதான் அவர் இருக்கிறார்! களத்தடுப்புக்காக அணியில் வைத்திருந்த ஒருவரை ஒரே ஒரு எண்ணுக்குள் அடைத்து, தலைமுறைகளாகச் சிரிக்கிறார்கள்.

சரி, சராசரியை விட்டால் எதைப் பார்ப்பது? தன் கையில் இருப்பதை அவர் எப்படிச் செய்கிறார் என்று பார்க்க வேண்டும். அடித்த பந்து மைதானத்துக்குள் விழுந்தபின் அது வெற்றியா தோல்வியா என்பது களத்தடுப்பாளர் எங்கே நின்றார் என்பதையும் பொறுத்தது. லீக் முழுக்க எடுத்தால், ஹோம் ரன் தவிர்த்து அப்படி உள்ளே விழும் பந்துகளில் பத்துக்கு மூன்றுதான் வெற்றியாகும். 2001 இல் வோரோஸ் மெக்ரக்கன் பந்துவீச்சாளர்களைப் பற்றி எழுதியபோதுதான் இந்த விஷயம் பெரிதாக வெடித்தது: உள்ளே விழும் பந்தின் மேல் அவர்களுக்கு இருக்கும் கட்டுப்பாடு நாங்கள் நினைத்ததைவிட மிகக் குறைவு என்றார். துடுப்பாட்ட வீரருக்குக் கட்டுப்பாடு கொஞ்சம் கூட. ஆனாலும் மூன்று கிழமையில் அதிர்ஷ்டத்தின் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும்.

எந்த எண்ணை எப்போது நம்பலாம் என்றும் பார்த்திருக்கிறார்கள். ரஸல் கார்ல்ட்டனின் ஆய்வின்படி, ஒருவர் எத்தனை தடவை ஸ்ட்ரைக்அவுட் ஆகிறார் என்பது ஏறத்தாழ 60 தடவை மட்டை பிடித்தாலே எதையோ சொல்லத் தொடங்கும். பந்தை அடிக்காமல் பொறுத்திருந்து முதல் தளத்துக்கு நடந்துபோகும் "வோக்" கணக்குக்கு 120 தடவை வேண்டும். உள்ளே விழுந்த பந்துகளின் வெற்றி வீதத்துக்கோ 800 க்கு மேற்பட்ட பந்துகள் வேண்டும். அது ஒரு பருவத்தில் முடியிற காரியமே இல்லை. 2015 இலிருந்து மேஜர் லீக் மைதானங்கள் எல்லாவற்றிலும் ஸ்டாட்காஸ்ட் இருக்கிறது. பந்து மட்டையிலிருந்து புறப்படும் வேகம், கோணம் எல்லாம் அளக்கப்படுகிறது. மணிக்கு 153 கிலோமீற்றருக்கு மேல் பறக்கும் பந்துகளை அடித்து, அவை நேராகக் களத்தடுப்பாளரின் கையுறைக்குள் போய்க்கொண்டிருந்தால், அந்த வீரரிடம் "உறுதி இல்லை" என்று சொல்ல உங்களிடம் என்ன இருக்கிறது?

2023 இல் பிலடெல்பியாவின் கைல் ஷ்வார்பர் பருவம் முழுக்க விளையாடிச் சராசரி 0.197. மெண்டோசா கோட்டுக்கும் கீழே. அதே பருவத்தில் அவர் 47 ஹோம் ரன் அடித்தார், 126 தடவை வோக் பெற்றார். சராசரி மட்டும் பார்த்தால் துரத்த வேண்டிய ஆள். முழுக் கணக்கைப் பார்த்தால் அணியைத் தூக்கிய ஆள்.

இங்கே மறுபக்கத்துக்கும் ஒரு வார்த்தை. புள்ளிவிபரம் படித்த தம்பிமாரில் சிலர் யார் சறுக்கினாலும் "அதிர்ஷ்டம் இல்லை, எதிர்பார்ப்பு எண் நல்லாத்தான் இருக்கு" என்று ஒரே பாட்டுப் பாடுகிறார்கள். இதுவும் சோம்பல்தான். வேகத்தையும் கோணத்தையும் வைத்துக் கட்டிய எக்ஸ்-வோபா என்ற எண், பந்து எந்தப் பக்கம் போனது என்று பார்ப்பதில்லை. ஐசக் பரேடெஸ் மெதுவாகத்தான் அடிப்பார், ஆனால் இடது ஓரமாக உயர்த்தி அடிப்பார். எல்லை கிட்ட இருக்கும் இடம் அது. 2023 இல் டம்பா பே அணிக்கு 31 ஹோம் ரன் அடித்தார். அதை அதிர்ஷ்டம் என்பவருக்கு, எண்ணைப் பார்க்கத் தெரிந்த அளவுக்கு ஆட்டத்தைப் பார்க்கத் தெரியவில்லை.

இந்தக் கணக்குகள் எல்லோருக்கும் மன்னிப்புக் கொடுக்கும் என்றும் நினைக்காதீர்கள். பொல்டிமோர் ஓரியோல்ஸின் கிறிஸ் டேவிஸ் 2013 இல் 53 ஹோம் ரன் அடித்தவர். 2016 இல் அவரோடு ஏழு வருடத்துக்கு 161 மில்லியன் டொலர் ஒப்பந்தம் போட்டார்கள். 2018 இல் அவரின் சராசரி 0.168. தகுதி பெற்ற துடுப்பாட்ட வீரர்களில் லீக் வரலாற்றிலேயே மிகக் குறைந்தது. அந்தப் பருவக் கடைசியில் தொடங்கி 2019 ஏப்ரல் 13 வரை தொடர்ந்து 54 முயற்சி வெறுமை. அதுவும் சாதனை. இதை அதிர்ஷ்டம் என்று சொல்ல முடியுமா? முடியாது. 2018 இல் மட்டை பிடித்த தடவைகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் ஸ்ட்ரைக்அவுட். பந்தில் மட்டையே படவில்லை என்றால் களத்தடுப்பாளரைக் குறை சொல்லி என்ன பயன்? ஜீட்டரை விடுவித்த அதே கணக்கு டேவிஸை விடுவிக்கவில்லை. ஆனால் "காசு கண்டவன்" என்றும் அது சொல்லவில்லை. திறமை குறைந்திருக்கிறது என்று மட்டும் சொன்னது. 2021 இல் இடுப்பில் அறுவைச்சிகிச்சை செய்தபின் அவர் ஓய்வு பெற்றார்.

என் உண்மையான கோபம் இங்கேதான். டேவிஸுக்கு வருடக் கணக்கில் பொறுமை கிடைத்தது, ஏனென்றால் அவர் மேல் 161 மில்லியன் கிடந்தது. புதிதாக வந்த இருபத்திரண்டு வயதுப் பெடியனுக்கு மூன்று கிழமைதான், பிறகு கீழ் லீக். மேஜர் லீக்கின் குறைந்தபட்சச் சம்பளம் 2023 இல் வருடத்துக்கு 720,000 டொலர். அது நாள் கணக்கில்தான் சேரும். கீழே அனுப்பிய நாளோடு நிற்கும். ஒரு படி கீழே, ட்ரிபிள்-ஏ லீக்கின் அடிமட்டச் சம்பளம் தொழிற்சங்கம் போராடி எடுத்த பிறகும் 2023 இல் 35,800 ஆகத்தான் இருந்தது. கீழே போகும் எல்லோரும் அந்த அடிமட்டத்துக்கு விழுவதில்லை. ஆனாலும் சம்பளப் பேச்சுக்கும் சுதந்திரமாக அணி மாறுவதற்கும் தேவையான சேவை நாட்கள் மேஜர் லீக்கில் இருந்தால்தான் ஏறும். எழுபது முயற்சியை வைத்து எடுக்கும் முடிவு ஒருவனின் பல வருட வாழ்க்கையைத் தின்னும்.

"எண்கள் விளையாட்டின் உயிரைக் கொல்லுது" என்பவர்களே, பொறுமை இப்போது யாருக்குப் போகிறது என்று பாருங்கள். பெயர் உள்ளவனுக்கும் காசு உள்ளவனுக்கும். எவ்வளவு காலம் காத்திருந்தால் ஒருவனைப் பற்றி நியாயமாகப் பேசலாம் என்று சொல்லும் கணக்குக்கு அவன் ஜீட்டரா, நேற்று வந்தவனா என்று தெரியாது. அதுதான் அதன் அழகு. ஸ்டாட்காஸ்ட் எண்களில் பெரும்பகுதி இணையத்தில் இலவசமாகவே கிடக்கிறது. முதலாளிமாரின் கையில் மட்டும் இருந்தால் அது சம்பளம் குறைக்கும் ஆயுதம். ரசிகனும் வாசிக்கத் தெரிந்துகொண்டால், அணி நிர்வாகத்தைப் பார்த்து "இவனை ஏன் இவ்வளவு கெதியாக அனுப்பினீர்கள்?" என்று கேட்க ஆதாரம்.

ஆகவே, அடுத்த ஏப்ரலில் ஒருவன் சறுக்கும்போது, வாய் திறப்பதற்கு முன் பாருங்கள். ஸ்ட்ரைக்அவுட் கூடியிருக்கிறதா? மோசமான பந்துகளைத் துரத்துகிறானா? அடிக்கும் பந்தின் வேகம் போன வருடத்தைவிடக் குறைந்திருக்கிறதா? மூன்றுக்கும் இல்லை என்றால் பொறுத்திருங்கள். ஆம் என்றால் திறமையைப் பற்றிக் கதையுங்கள். அவனுடைய மனசைப் பற்றிக் கதைக்க உங்களிடம் எந்த எண்ணும் இல்லை.